புகை முன்னே, நெருப்பு பின்னே!

'நெருப்பில்லாமல் புகையாது' என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பழமொழி. இந்தக் கட்டுரையில் அதைக் கொஞ்சம் திருப்பிப் போடப் போகிறேன். முதலில் புகை வருகிறது. அதன் பிறகுதான் நெருப்பு பற்றுகிறது. எங்கே தெரியுமா? நம் மண்டைக்குள்ளே, மூளையில்!

"என்னல, கத விடுத?" என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். விடுதியில் என் அறை நண்பனும் அப்படித்தான் கேட்டான். "பொகைன்னா நெஞ்சுக்குத்தான கேடு? இருமல் வரும், எளப்பு வரும். மூளைக்கும் பொகைக்கும் என்னல சம்பந்தம்? அதுவும் போக, இதெல்லாம் டெல்லிக்காரன் கவல. நமக்குப் பொதிகைத் தென்றல் இருக்கு, பாத்துக்கோ!"

தென்றல் இருப்பது உண்மைதான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஆளையே தள்ளும். டெல்லியோடு ஒப்பிட்டால் நாம் கொடுத்து வைத்தவர்கள் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் மார்கழிக் காலையில் வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தின் கீழேயோ நின்று பாருங்கள். காற்று அசையாது. இரவு முழுக்கக் குளிர்ந்த தரைக்காற்றின் மேல் சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும். பஸ் புகை, டீக்கடை அடுப்பு, தெருவோரம் எரிக்கும் குப்பை எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே சுற்றிச் சுற்றி வரும். ராமையன்பட்டி குப்பைக் கிடங்கு பலமுறை தீப்பிடித்ததையும், புகை மூட்டத்தில் சுற்று வட்டாரம் தவித்ததையும் நாம் மறந்துவிட முடியுமா? ஆற்றோடு கீழே இறங்கினால் தூத்துக்குடி. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில், காற்றின் தரம் போதாத நகரங்களின் பட்டியலில் தூத்துக்குடியின் பெயரும் இருக்கிறது. ஆக, இது நமக்கும் உள்ள கவலைதான்.

ஆச்சியின் அடுக்களை

இந்த விஷயத்தைப் படிக்க என்னைத் தூண்டியது எந்தப் பாடப்புத்தகமும் இல்லை. என் ஆச்சிதான்.

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர். ஆச்சியின் அடுக்களைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் முழங்கை அகலம். உடைமுள் விறகு, தென்னை மட்டை, காய்ந்த பனையோலை, இவைதான் எரிபொருள். பிசானம் அறுவடை முடிந்தால் கூடுதலாக நெல் அவிப்பு வேறு. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழலோடு அவள் உட்கார்ந்திருந்த கோலம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அடுக்களை ஓடு தார் பூசியதுபோல் கறுத்திருக்கும்.

ஏறத்தாழ ஐம்பது வருஷம் அப்படி ஓடியது. கடைசி நான்கு வருஷங்களில் ஆச்சிக்கு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தாள். பிறகு உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் உப்புப் போட்டாள். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகும், "எய்யா, பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்று கேட்பாள். பதில் சொல்லி முடித்த மறு நிமிஷமே திரும்பவும் கேட்பாள்.

அந்த மறதிக்குப் புகைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த டாக்டரும் ஒருவரைப் பார்த்து அப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வயது, பரம்பரை, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று காரணங்கள் பல உண்டு. ஆனால், 'காரணங்களில் ஒன்றாக இருக்குமோ?' என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தூசியின் கணக்கு

நண்பர்களே! நாம் கணக்குப் போடுகிறவர்கள். எனவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு மனிதன் ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் வீதம், நிமிஷத்துக்கு 15 மூச்சு விடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 10,800 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 11 கன மீட்டர் காற்று. அந்தக் காற்றில் தூசியும் கலந்து வருகிறது. பத்து மைக்ரான் அளவுள்ள தூசியில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்து வைத்துவிடும். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளதைத்தான் 'பி.எம். 2.5' என்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் இது இருபதில் ஒரு பங்குகூட இராது. நுரையீரலின் அடிமட்டக் காற்றறைகள் வரை போய்விடும். 0.1 மைக்ரானுக்கும் கீழே போனால் அது அதிநுண் துகள். டீசல் புகையிலும், விறகுப் புகையிலும், வெல்டிங் புகையிலும் இவை ஏராளம்.

சின்னதாக இருந்தால் கெடுதலும் சின்னதுதானே என்று நினைக்காதீர்கள். 2.5 மைக்ரான் உருண்டை ஒன்றை 0.1 மைக்ரான் உருண்டைகளாக உடைத்தால் 15,625 உருண்டைகள் கிடைக்கும். எடை மாறாது; மொத்தப் பரப்பளவு மட்டும் 25 மடங்காகிவிடும். பரப்பில்தான் இரும்பு, மாங்கனீஸ் போன்ற உலோகங்களும் எரிந்தும் எரியாத கரிமப் பொருள்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ரசாயன வினை நடக்கும் இடமும் பரப்புதான்.

மூன்று வழிகள்

மூளைக்கு இறைவன் கொடுத்த பாதுகாப்பு கொஞ்சமல்ல. மண்டையோடு ஒரு கவசம். அதற்குள்ளே ரத்தக் குழாய்ச் சுவர்களில் 'ரத்த-மூளைத் தடுப்பு' என்று இன்னொரு கவசம். நம் எஞ்ஜினில் கேஸ்கட் செய்கிற வேலையை அது செய்கிறது. ரத்தத்தில் வரும் எல்லாவற்றையும் அது உள்ளே விடாது. பிறகு புகை எப்படி நுழைகிறது? மூன்று வழிகளைச் சொல்கிறார்கள்.

முதல் வழி, மூக்கு. மூக்கின் உச்சியில் உள்ள மோப்ப நரம்புகளின் ஒரு முனை வெளிக்காற்றைத் தொடுகிறது. மறு முனை மூளையின் மோப்பக் குமிழில் இருக்கிறது. நடுவில் சோதனைச் சாவடி இல்லாத குறுக்கு வழி இது! 2004-இல் அமெரிக்காவில் எலிகளை அதிநுண் கார்பன் துகள்களைச் சுவாசிக்க வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கார்பன் மோப்பக் குமிழில் போய்ச் சேர்ந்திருந்தது.

இரண்டாம் வழி, நுரையீரலும் ரத்தமும். மிக நுண்ணிய துகள்களில் ஒரு சிறு பகுதி காற்றறைச் சுவரைக் கடந்து ரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது.

மூன்றாம் வழியில் துகள் போகவே வேண்டாம், சேதி போனாலே போதும். நுரையீரல் புண்படும்போது அங்குள்ள செல்கள் சைட்டோகைன் என்ற ரசாயனத் தூதுவர்களை ரத்தத்தில் அனுப்புகின்றன. 'இங்கே எதிரி வந்துவிட்டான்' என்பதுதான் சேதி. இந்தச் சேதி நாள்தோறும் போனால், மேலே சொன்ன தடுப்புச் சுவர் மெல்ல இளகுகிறது. கேஸ்கட் போன எஞ்ஜின் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காவல்காரனே கலவரம் செய்தால்?

இனிதான் முக்கியமான கட்டம். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதைத்தான் 'அழற்சி' என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. எவ்வளவு பொருத்தமான சொல்! அழற்சி கெட்டது இல்லை. கிருமியைக் கொன்று புண்ணை ஆற்றுவதற்காக உடம்பே மூட்டும் நெருப்பு அது. வேலை முடிந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால்தான் ஆபத்து.

மூளைக்கென்று தனிக் காவல்காரர்கள் உண்டு. அவர்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். 1919-இல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஹொர்தேகா இந்தச் செல்களைத் தனியே இனம் கண்டு விவரித்தார். சாதாரண நாளில் இவர்கள் மெல்லிய கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். செத்த செல்களைக் கூட்டிப் பெருக்குவார்கள். நரம்பு இணைப்புகளில் வேண்டாததைக் கத்தரிப்பார்கள். நல்ல தோட்டக்காரன் மாதிரி.

புகைத் துகளோ, நுரையீரலின் அபாயச் சேதியோ வந்தால் இவர்கள் உருவம் மாறிவிடுவார்கள். கிளைகளைச் சுருக்கிக்கொண்டு தடித்து, சண்டைக்கு நிற்பார்கள். துருப் பிடிக்க வைப்பது போன்ற வினை புரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளையும், மேலும் மேலும் சைட்டோகைன்களையும் கக்குவார்கள். கிருமியாக இருந்தால் செத்துப்போயிருக்கும். ஆனால் கரித் துகளும் உலோகத் துகளும் சாவதற்கு அவற்றுக்கு உயிர் ஏது? எதிரி சாகவில்லை, நாளையும் புது எதிரி வருகிறான், சண்டை ஓய்வதில்லை. அடி விழுவது பக்கத்தில் நிற்கும் நரம்புச் செல்களுக்கு. அடிபட்ட நரம்புச் செல்லிலிருந்து சிதறும் பொருள்கள் காவல்காரனை மறுபடியும் உசுப்பிவிடும். ஊருக்குக் காவலிருந்தவனே ஊரைக் கொளுத்தும் கதைதான்!

இந்த நெருப்பில் வலி தெரியாது. மூளைத் திசுவுக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. முள் குத்தினால் கத்துகிறோம். இங்கே சத்தமே இல்லை. வருஷக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும்.

நாய்கள் சொன்ன சாட்சி

இதெல்லாம் வெறும் ஊகமா? ஆதாரம் உண்டு.

மெக்சிகோ சிட்டி, மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற இடத்தில் இருக்கும் மாநகரம். புகை வெளியே போக வழியில்லை. லிலியன் கால்டெரோன்-கார்சிடுவேன்யாஸ் என்ற பெண் விஞ்ஞானியும் குழுவினரும் அந்த நகரத்து நாய்களின் மூளையையும், காற்று அவ்வளவு கெடாத ஊர் நாய்களின் மூளையையும் ஒப்பிட்டு 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். நகரத்து நாய்களின் மூளையில் அழற்சியின் அடையாளங்களும், அல்சைமர் நோயில் காணப்படுவது போன்ற படிவுகளும் இருந்தன. 2008-இல் அதே குழு, திடீரென இறந்துபோன குழந்தைகள், இளைஞர்களின் மூளைகளைப் பரிசோதித்தது. மாசு மிகுந்த நகரத்தில் வாழ்ந்தவர்களிடம் அழற்சி தெரிந்தது. ரத்த-மூளைத் தடுப்பும் சேதமுற்றிருந்தது. நம் வயதுக்காரர்கள் என்பதைக் கவனியுங்கள்!

2016-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா மேஹர் குழுவினர், மெக்சிகோ சிட்டியிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து மறைந்த 37 பேரின் மூளைத் திசுவில் காந்தத் தன்மையுள்ள மேக்னடைட் துகள்களைக் கண்டார்கள். உடம்பே உண்டாக்கும் மேக்னடைட் கோணங்களோடு படிகம்போல் இருக்கும். இவையோ வழவழப்பான உருண்டைகள். உருகிய இரும்பு சட்டென்று ஆறும்போதுதான் இந்த வடிவம் வரும். எஞ்ஜினில் எரியும் எரிபொருள், பிரேக் உராய்வு, இவற்றிலிருந்து வருவதற்கான எல்லா அறிகுறியும் அதில் இருந்தது. ஆட்டோமொபைல் மாணவர்களே, பிரேக் லைனிங் தேய்ந்து எங்கே போகிறது என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டியதில்லை!

2020-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, மறதி நோயைத் தூண்டக்கூடிய, ஆனால் நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் பன்னிரண்டைப் பட்டியலிட்டது. காற்று மாசு அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டது.

நம்ம பக்கத்து நிலவரம்

பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரா. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், அந்தப் பகுதி கிராமங்களில் 45 வயது தாண்டிய ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. விறகு போன்ற புகை வரும் அடுப்பைப் பயன்படுத்துகிறவர்கள் நினைவாற்றல், சிந்தனைச் சோதனைகளில் குறைவான மதிப்பெண் எடுத்தார்கள். ஸ்கேன் செய்து பார்த்தபோது, அத்தகைய பெண்களின் மூளையில் நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதி சிறுத்திருந்தது. ஆண்களைவிட அடுப்படியில் அதிக நேரம் இருப்பது யார்? நம் அம்மாக்களும் ஆச்சிகளும்தானே! இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

தமிழ்நாட்டிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியா, கவுதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகள் இதில் பங்கேற்றார்கள். இந்தியப் பகுதியை விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்தினார்கள். பாதிப் பேருக்கு இலவசமாக கேஸ் அடுப்பும் எரிவாயுவும் கொடுத்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. குழந்தையின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் சுவாசித்த நுண்தூசி, விறகடுப்புக்காரர்களுக்குக் கன மீட்டருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம். கேஸ் அடுப்புக்காரர்களுக்கு 24! மூன்றில் ஒரு பங்கு. ஒரு அடுப்பு மாறினால் இவ்வளவு மாறுகிறது.

நம் நாட்டு அளவுகோலின்படி நுண்தூசியின் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவோ வெறும் 5. 'நம்ம ஊர்க் காற்று அளவுக்குள்ளதான் இருக்கு' என்று யாராவது சொன்னால், எந்த அளவுக்குள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்கு வருவோம்

இந்த மலரை வாசிப்பவர்களில் பலர் நாளை வெல்டராக, ஃபிட்டராக, டீசல் மெக்கானிக்காக, சூப்பர்வைசராக வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

பயிற்சிக்காக நான் ஒரு சிறு பட்டறைக்குப் போயிருந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே மூன்று பேர் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் புகைபோக்கி ஃபேன் இருந்தது. குருவி கூடு கட்டியிருந்தது! "அண்ணே, பொகையா இருக்கே" என்றேன். "பத்து நாள்ல பழகிரும் தம்பி. கண்ணுக்குத்தான் கண்ணாடி போட்டிருக்கம்லா!" என்று சிரித்தார். கண்ணைக் காப்பாற்றியவர் மூக்கை மறந்துவிட்டார்.

வெல்டிங் ராடின் பூச்சிலும் இரும்பிலும் மாங்கனீஸ் இருக்கிறது. சோற்றின் வழியாக வரும் மாங்கனீஸ் உடம்புக்குத் தேவை. மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். புகையாக உள்ளே போவது அந்தச் சோதனைக்கு முன்பே மூளையை எட்டிவிடும். அங்கே அசைவுகளை ஆளும் பகுதிகளில் படிந்து மைக்ரோகிளியாவை உசுப்புகிறது. 1837-லேயே ஸ்காட்லாந்து டாக்டர் ஜான் கூப்பர், மாங்கனீஸ் தாதுவை அரைக்கும் தொழிலாளர்களுக்குக் கால் தள்ளாடுவதையும் பேச்சுக் குழறுவதையும் எழுதி வைத்தார். நடுக்குவாதம் போன்ற அந்த நோய்க்கு இன்று 'மாங்கனிசம்' என்று பெயர். வெல்டிங் புகையும் டீசல் புகையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியுள்ளது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கனடாவில் 25 ஆரோக்கியமான பேரை இரண்டு மணி நேரம் நீர்த்த டீசல் புகையைச் சுவாசிக்க வைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் தொடர்பு குறைந்திருந்தது. 2023-இல் வெளிவந்த ஆய்வு இது. அந்த மாற்றம் தற்காலிகமானது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரண்டு மணி நேரம் என்றால் தற்காலிகம். முப்பது வருஷம் ஷெட்டில் வேலை பார்ப்பவருக்கு?

நாம் என்ன செய்யலாம்?

பயமுறுத்திவிட்டுப் போவது என் நோக்கமல்ல. கையில் உள்ளதைச் செய்வோம்.

1. வீட்டில் விறகடுப்பு இருந்தால் முதலில் காற்றோட்டத்தைப் பாருங்கள். புகைபோக்கி வையுங்கள். சிலிண்டர் இருந்தும் 'காசு கரையுது' என்று வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகை மூட்டினால், அதைத் திறந்த வெளியில் வைக்கச் சொல்லுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

2. பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அடுப்பிலோ தெருவிலோ கொளுத்தாதீர்கள். போகிக்கு டயர் எரிப்பது வேண்டவே வேண்டாம்.

3. வெல்டிங்கின்போது புகை எழும் பாதையில் முகத்தை நீட்டாதீர்கள். காற்று பக்கவாட்டிலிருந்து வரும்படி நில்லுங்கள். புகையைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சும் ஃபேன்தான் முதல் தேவை. அதற்குப் பிறகுதான் முகக்கவசம். அதுவும் என்-95 ரகம். கைக்குட்டை, துண்டு எல்லாம் நுண்தூசிக்குச் சல்லடைதான்.

4. பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே கேட்டிலும் எஞ்ஜினை அணைத்துவிடுங்கள். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 வண்டிகள்தான் விற்பனை. டீசல் வண்டியில் அதற்கான புகை வடிகட்டி அடைக்கிறது என்று கழற்றி வீசச் சொன்னால், மெக்கானிக்காகிய நீங்கள் மறுத்துவிடுங்கள். அந்த வடிகட்டி யாரோ ஒருவருடைய மூளைக்குக் காவல்.

5. நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு செயல்திட்டத்தில், குறைந்த செலவில் வெல்டிங் மேஜைக்கான புகை உறிஞ்சி ஒன்றை வடிவமைத்து, இந்த வட்டாரத்துச் சிறு பட்டறைகளுக்குக் கொடுப்போமா? ஒரு மோட்டார், ஒரு ப்ளோயர், கொஞ்சம் தகரக் குழாய். நம்மால் முடியாததா?

ஆச்சி இப்போது இல்லை. அந்த அடுக்களையை இடித்துவிட்டு, பெரிய ஜன்னல் வைத்துக் கட்டியிருக்கிறோம். அம்மா கேஸ் அடுப்பில்தான் சமைக்கிறாள். ஆனாலும் கொல்லையில் ஒரு மண் அடுப்பு இருக்கிறது. "விறகுல வச்ச மீன் குழம்பு ருசியே தனில" என்பாள். போன பொங்கல் விடுமுறையில் அவள் ஊதுகுழலை எடுத்ததும் நான் போய் வாங்கிக்கொண்டேன். "நான் ஊதுதேம்மா, நீ தள்ளி நில்லு" என்றேன். இரண்டு ஊது ஊதியதுமே கண்ணெல்லாம் எரிந்து இருமல் வந்துவிட்டது. ஐம்பது வருஷம் ஆச்சி இதை ஒரு வார்த்தை சொல்லாமல் செய்திருக்கிறாள்.

மறதி வந்த பிறகும் அவள் கேட்கத் தவறாத கேள்வி ஒன்று உண்டு: "எய்யா, சாப்பிட்டியா?" எல்லாம் போன பிறகும் அது மட்டும் மிஞ்சியிருந்தது. நம்மைச் சாப்பிட வைத்தவர்களின் மூச்சுக் காற்றுக்கு நாம் பொறுப்பேற்க வேண்டாமா? சிந்திப்போம், செயல்படுவோம்!

- இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்